திருச்சிக்கு அரிசி போன வழி: முற்றுகைகளும் படைவழங்கலும்

1740க்கும் 1754க்கும் இடையில் திருச்சிராப்பள்ளிக் கோட்டையை மராட்டியர், நிஜாம், சந்தா சாகிபு, பிரெஞ்சுக்காரர், மைசூர்ப் படை என்று ஒருவர் மாற்றி ஒருவர் வந்து வளைத்தார்கள். அந்தப் பதினான்கு ஆண்டுகளில் ஒருவர்கூடப் பீரங்கியால் மதிலைப் பிளந்து உள்ளே புகுந்து கோட்டையைப் பிடிக்கவில்லை. கோட்டை கைமாறியபோது உள்ளே நெல் தீர்ந்திருந்தது, அல்லது வெளியே பேரம் படிந்திருந்தது. கைமாறாமல் தப்பிய காலங்களில் தஞ்சைச் சீமையிலிருந்தோ புதுக்கோட்டைக் காட்டிலிருந்தோ பொதிமாடுகள் வந்து சேர்ந்திருந்தன.

இன்றைய ராணுவங்களில் இந்த வேலைக்கென்றே தனிப் பிரிவுகள் உண்டு. உணவு, எரிபொருள், வெடிபொருள், வண்டி, பழுதுபார்ப்பு, காயம்பட்டவர்களை அப்புறப்படுத்துவது என எல்லாவற்றையும் ஒரே தலைமையின் கீழ்க் கொண்டுவரும் அமைப்பை மேலைநாட்டு ராணுவங்கள் லாஜிஸ்டிக்ஸ் பிரிகேட் என்று அழைத்தன. பிரிட்டிஷ் ராணுவத்தின் 101, 104 எண் பிரிகேடுகள் அப்படிப்பட்டவை. 18ஆம் நூற்றாண்டுத் திருச்சியில் அப்படி ஒரு பிரிவு கிடையாது. ஆனால் அதன் வேலை அத்தனையும் நடந்தது. யார் செய்தார்கள், எப்படிச் செய்தார்கள், அது போரின் முடிவை எந்த அளவுக்குத் தீர்மானித்தது என்பவற்றை இக்கட்டுரை பரிசீலிக்கிறது.

நான்கு விடைகள்

திருச்சியில் நவாபு முகமது அலியோடு சேர்ந்து கோட்டையைக் காத்த ஆங்கிலேயர் பக்கம் ஏன் வென்றது என்பதற்கு நூல்களில் நான்கு விடைகள் கிடைக்கின்றன. முதலாவது, கிளைவின் துணிச்சல். மெக்காலே 1840இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்த விடை பள்ளிப் பாடம்வரை இறங்கிவிட்டது. இரண்டாவது, பிரெஞ்சுத் தளபதி ஜாக் லாவின் திறமைக் குறைவு. இந்தியாவில் பிரெஞ்சுக்காரரின் வரலாற்றை எழுதிய மாலிசன் இதை அழுத்திச் சொன்னார். மூன்றாவது, கடலும் பணமும்: ஆங்கிலக் கம்பெனிக்கு வணிகம் நன்றாக நடந்தது, பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயோ கைப்பணத்தையும் போட்டுப் போர் நடத்தினார். நான்காவது, உள்ளூர் அரசுகள் எந்தப் பக்கம் சாய்ந்தன என்பது.

நான்கிலும் உண்மை இருக்கிறது. ஆனால் துணிச்சலோ மடமையோ பணமோ நட்போ, எதுவானாலும் கடைசியில் அரிசி வந்ததா வரவில்லையா என்ற கணக்காகத்தான் போர்க்களத்தில் வெளிப்பட்டது. இந்தக் கணக்கைப் பார்க்க நமக்கு நல்ல சான்றுகள் உண்டு. கம்பெனிப் பணியில் இருந்த ராபர்ட் ஓர்ம், 1763இல் வெளியிட்ட தம் போர் வரலாற்றின் முதல் தொகுதியில் ஒவ்வொரு கான்வாயையும் (காவலோடு போகும் சரக்கு வரிசையையும்) ஏறக்குறையப் போரைப் போலவே விரிவாக எழுதினார். புதுச்சேரியில் டூப்ளேயின் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு, பணமும் சரக்கும் ஆளும் எப்படித் திரட்டப்பட்டன என்பதைத் தமிழில் நமக்குக் காட்டுகிறது.

பாறை, தீவு, காடு

முதலில் நிலத்தைப் பார்க்க வேண்டும். மலைக்கோட்டைக்கு வடக்கே காவிரி. அதைத் தாண்டினால் திருவரங்கமும் திருவானைக்காவும் அமைந்த தீவு. தீவுக்கு வடக்கே கொள்ளிடம். கொள்ளிடத்தைக் கடந்தால் சமயபுரம், ஊட்டத்தூர், வாலிகண்டபுரம் வழியாகப் புதுச்சேரிச் சாலை. பிரெஞ்சுக்காரரின் உயிர்நாடி இதுதான். கிழக்கே திருவெறும்பூர் தாண்டித் தஞ்சாவூர்ச் சாலை. அது நெல் விளையும் சீமை. கொள்ளிடம் கடலில் கலக்கும் இடத்தில் இருந்த தேவிக்கோட்டையை ஆங்கிலேயர் 1749இல் பெற்றிருந்தார்கள். ஆகவே கப்பலில் வரும் வெடிமருந்தும் குண்டும் தஞ்சை நாடு வழியாகத் திருச்சிக்கு ஏற முடிந்தது.

தெற்கே நிலைமை வேறு. பொன்மலையும் அதைச் சுற்றியுள்ள சிறு பாறைகளும் தவிர வெட்டவெளி. குதிரைப்படைக்கு அதைவிட வசதியான களம் இல்லை. அந்த வெளிக்கு அப்பால் புதுக்கோட்டைத் தொண்டைமானின் காடு தொடங்கும். காட்டுக்குள் குதிரை வேலை செய்யாது. காட்டிலிருந்து நகருக்கு வரும் சில மைல் வெட்டவெளியில்தான் எல்லா ஆபத்தும்.

இப்போது சிறு கணக்கு ஒன்று. ஓர் ஆளுக்கு நாளைக்கு ஒரு கிலோ அரிசி என்றும், பொதிமாடு ஒன்று நூறு கிலோ சுமக்கும் என்றும் வைத்துக்கொள்வோம். சிப்பாய்கள், வேலையாட்கள், அவர்களுடைய குடும்பங்கள் என்று பத்தாயிரம் வாய்கள் இருந்தால் நாளொன்றுக்கு நூறு மாடு, மாதத்துக்கு மூவாயிரம் மாடு. இதில் குதிரைக்குக் கொள்ளு சேரவில்லை, மாடு தின்னும் தீவனம் சேரவில்லை, விறகும் வெடிமருந்தும் சேரவில்லை. மூவாயிரம் மாடுகள் ஒற்றை வரிசையில் நடந்தால் வரிசையின் நீளம் பல கிலோமீட்டர். அந்த நீளம் முழுவதையும் காக்க எந்தத் தளபதியிடமும் ஆள் இருக்கவில்லை. திருச்சிப் போரின் அடிப்படைச் சிக்கல் இதுதான்.

விற்றுப்போன நெல்

1736ஐ ஒட்டி நாயக்க ராணி மீனாட்சியிடமிருந்து வஞ்சகமாகக் கோட்டையைப் பெற்றார் சந்தா சாகிபு. அவருடைய ஆட்சி மராட்டியரிடம் முடிந்த விதம், பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் முன்னோட்டம். ரகூஜி போன்ஸ்லேயின் படை 1740இல் கர்நாடகத்துக்குள் இறங்கியபோது திருச்சியில் தானியம் நிறைய இருந்தது. அதை அறிந்த மராட்டியர் திரும்பிப் போவதுபோல் விலகிப் போனார்கள். ஆபத்து நீங்கியது என்று எண்ணிய சந்தா சாகிபு கிடங்கு நெல்லைக் காசாக்கினார் என்கிறார் ஓர்ம். கிடங்கு காலியான செய்தி எட்டியதும் மராட்டியர் திரும்பி வந்து வளைத்தார்கள். 1741 மார்ச்சில் கோட்டை சரணடைந்தது. சந்தா சாகிபு கைதியாகக் கொண்டுபோகப்பட்டார்.

பன்னிரண்டு ஆண்டு கழித்து இதே கோட்டையில் இதே தவறு மறுபடியும் நடந்தது. 1753 ஏப்ரலில் கோட்டைக் காவல் தளபதி டால்டன், நவாபு முகமது அலியின் ஆட்கள் பொறுப்பில் இருந்த கிடங்கை விசாரித்தபோது, மூன்று வாரத்துக்குத்தான் தானியம் இருக்கிறது என்று தெரிந்தது. மிச்சத்தை விற்றுவிட்டிருந்தார்கள். முற்றுகை காலத்தில் நெல் விலை ஏறும். ஏறிய விலையைப் பார்த்ததும் கிடங்குக்காரனுக்குக் கை அரிக்கும். கிடங்குச் சாவி யார் கையில், கணக்கை யார் சரிபார்ப்பது என்ற கேள்விகளுக்குப் பின்னாளில் தனித் துறையே தேவைப்பட்டதன் காரணம் இங்கே தெரிகிறது.

தீவில் அடைபட்ட படை

மராட்டியர் கையிலிருந்து நிஜாமுக்கும் அவர்வழி நவாபுக்கும் கோட்டை மாறியிருந்தது. 1749இல் ஆம்பூரில் தந்தை நவாபு அன்வாருதீன் கொல்லப்பட்ட பிறகு முகமது அலி திருச்சிக்கு ஓடி வந்தார். சிறையிலிருந்து விடுபட்டு வந்த சந்தா சாகிபும் பிரெஞ்சுப் படையும் 1751இல் பின்தொடர்ந்து வந்து முற்றுகையிட்டார்கள். கிளைவ் ஆற்காட்டைப் பிடித்தது இந்த அழுத்தத்தைக் குறைக்கத்தான். ஆனால் திருச்சியின் முடிவு ஆற்காட்டில் எழுதப்படவில்லை. 1752 மார்ச் இறுதியில் மேஜர் ஸ்டிரிஞ்சர் லாரன்ஸ், கிளைவையும் அழைத்துக்கொண்டு, சரக்கோடும் படையோடும் தஞ்சை நாட்டின் வழியாக வந்தார். வழியில் மறிக்க முயன்ற லா தோற்றார். அந்தக் கான்வாய் நகருக்குள் சேர்ந்ததும் நிலைமை தலைகீழானது.

ஏப்ரலில் லா, திருவரங்கத் தீவுக்குள் பின்வாங்கினார். தூக்கிப் போக முடியாத பெருமளவு தானியத்தையும் சரக்கையும் கொளுத்திவிட்டே போனார். பாதுகாப்பான இடம் என்று நினைத்துத் தீவைத் தேர்ந்தவர், தீவுக்குள் வரும் வழிகள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கவில்லை. லாரன்ஸ் எண்ணினார். படையை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியைக் கிளைவிடம் கொடுத்துக் கொள்ளிடத்துக்கு வடக்கே சமயபுரத்தில் நிறுத்தினார். சிறிய படையைப் பிரிப்பது போர் நூல்கள் தடுக்கும் செயல். ஆனால் புதுச்சேரிச் சாலையை அடைக்க வேறு வழி இல்லை.

பிறகு நடந்தவை எல்லாம் வழங்கலைக் குறிவைத்தவையே. லால்குடியில் எதிரியின் பெரிய தானியக் கிடங்கு பிடிபட்டது. சரக்கோடும் பணத்தோடும் புதுச்சேரியிலிருந்து வந்த பிரெஞ்சுத் தளபதி தோத்தேய், ஊட்டத்தூரில் தடுக்கப்பட்டு வாலிகண்டபுரத்துக்குத் தள்ளப்பட்டு, அங்கே கிளைவிடம் சரணடைந்தார். கொள்ளிடத்தின் வடகரையில் பிச்சாண்டார்கோவில் வீழ்ந்ததும் அங்கிருந்து தீவுக்குள் குண்டு பாய்ந்தது. சோறும் சம்பளமும் இல்லாத சந்தா சாகிபின் ஆட்கள் கூட்டங்கூட்டமாக அவரை விட்டு விலகினார்கள். திருவானைக்கா கோயிலில் லாவும் திருவரங்கம் கோயிலில் சந்தா சாகிபின் மிச்சப் படையும் ஒடுங்கின. 1752 ஜூனில், காவிரியில் புதுவெள்ளம் வரும் பருவத்தில், லா சரணடைந்தார். தப்பிக்க வழி தேடிய சந்தா சாகிபு தஞ்சைத் தளபதி மானோஜியை நம்பிப் போய்க் கொல்லப்பட்டார்.

இந்தப் போரில் கிளைவின் துணிச்சலுக்குச் சமயபுரத்து இரவுச் சண்டை சான்றாகக் காட்டப்படும். அது நியாயமே. ஆனால் அவரைச் சமயபுரத்தில் நிறுத்திய முடிவே போரை முடித்தது. அந்த முடிவு லாரன்ஸுடையது. லாவின் குறையும் கோழைத்தனம் என்று சொல்லத்தக்கதன்று. தனக்கு வரும் சாலையை எதிரி தொடுவான் என்று அவர் கருதாமல் விட்டதே குறை.

பொன்மலையைச் சுற்றிய இரண்டு ஆண்டுகள்

வெற்றிக்குப் பிறகே உண்மையான பட்டினிப் போர் தொடங்கியது. உதவிக்கு விலையாகத் திருச்சியையே தருவதாக மைசூருக்கு முகமது அலி வாக்குக் கொடுத்திருந்தார், கொடுக்க மறுத்தார். மைசூர்த் தளவாய் நஞ்சராஜர் திருவரங்கத்திலேயே கூடாரம் அடித்துத் தங்கிவிட்டார். முராரி ராவின் மராட்டியக் குதிரைப்படை அவர் பக்கம் போனது. பிரெஞ்சுக்காரரும் வந்து சேர்ந்தார்கள். மைசூர்ப் படையின் ஒரு பகுதி நகருக்குத் தெற்கே இறங்கிப் புதுக்கோட்டை வழியை அடைத்தது. டால்டன் அவசரச் செய்தி அனுப்ப, கடலூர்ப் பக்கத்தில் இருந்த லாரன்ஸ் 1753 மே மாதம் விரைந்து வந்தார்.

1753 ஜூன் 26இல் பொன்மலையில் நடந்த சண்டை ஆங்கில ராணுவ வரலாற்றில் புகழ்பெற்றது. அன்று காலை பிரெஞ்சுக்காரர் பொன்மலைக் காவலைத் தாக்கியபோது லாரன்ஸின் சிப்பாய்களில் பலர் அரிசி வாங்க நகருக்குள் போயிருந்தார்கள். முகாமுக்கு அரிசி வந்து சேரும் ஏற்பாடு இருந்திருந்தால் அந்த ஆபத்து நேர்ந்திருக்காது. லாரன்ஸ் அந்தச் சண்டையை வென்றார்; ஆனால் வென்றதால் ஒரு படி அரிசிகூடக் கூடுதலாக வரவில்லை. உடனே அவர் தஞ்சாவூருக்குப் போய் அரசர் பிரதாப சிங்கிடம் உதவி கேட்டு, மானோஜியின் குதிரைப்படையோடும் ஆயிரக்கணக்கான பொதிமாடுகளோடும் ஆகஸ்டில் திரும்பினார். செப்டம்பர் 21இல் மற்றொரு பெரும் வெற்றி. அதற்குப் பிறகு மழைக்காலத்தில் அவர் படையைக் கோவிலடிக்குக் கொண்டுபோனார். காரணம் எளிது: திருச்சியில் தின்ன எதுவும் இல்லை, கோவிலடியில் இருந்தது. அவர் அங்கே இருந்தபோதுதான் நவம்பர் 28 விடியலுக்கு முன் பிரெஞ்சுக்காரர் டால்டன் பீரங்கி மேடையில் ஏணி வைத்து ஏறினார்கள். முந்நூறுக்கு மேற்பட்டவர்கள் பிடிபட்டு அந்த முயற்சி முடிந்தது.

அடுத்த அடி சாலையில் விழுந்தது. 1754 பிப்ரவரி 15, திருக்காட்டுப்பள்ளியிலிருந்து பொதிமாடுகளும் வண்டிகளும் திருச்சிக்கு வந்துகொண்டிருந்தன. காவல் வீரர்கள் சிறு சிறு குழுக்களாக வரிசையின் இரு பக்கமும் நெடுகப் பரப்பப்பட்டிருந்தார்கள். திருவெறும்பூருக்கு அருகே கூத்தைப்பார்ப் பக்கம் மேட்டுக்குப் பின்னால் பதுங்கியிருந்த மைசூர், மராட்டியக் குதிரைகள் ஒரே பாய்ச்சலில் வந்து விழுந்தன. எந்தக் குழுவும் பக்கத்துக் குழுவோடு சேர நேரம் கிடைக்கவில்லை. காவலில் இருந்த ஐரோப்பிய வீரர்களில் கொல்லப்படாதவர் அனைவரும் கைதானார்கள். சரக்கு, பணம், பீரங்கி எல்லாம் போயின. இரண்டு பெரும் வெற்றிகளில் லாரன்ஸ் சேர்த்ததை ஒரு காலைப்பொழுதில் அந்தச் சாலை பறித்துக்கொண்டது. நீண்ட வரிசையை நெடுகக் காக்க முயன்றால் எந்த இடத்திலும் காவல் இராது என்ற பாடத்தை இன்றும் கான்வாய்ப் பயிற்சியில் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

மே 12இல் அதே வேலையை வேறு முறையில் செய்தார்கள். சரக்கு புதுக்கோட்டைக் காட்டிலிருந்து வர, கேப்டன் கெய்லோ இரவில் படையோடு எதிர்கொண்டு போனார். வழியை எதிரி முன்பே பிடித்திருந்தான். விடியும்போது தொடங்கிய சண்டையில் ஏரிக்கரையை அரணாக்கி நின்று தாக்குப்பிடித்தார்கள். சரக்கு ஊர் சேர்ந்தது.

யார் சுமந்தார்கள்?

இந்த இரண்டு ஆண்டுகளில் திருச்சியின் வழங்கல் தளபதி என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் அவர் லாரன்ஸ் இல்லை, யூசுப் கான். மருதநாயகம் என்று தமிழகம் அறிந்த அந்தக் கான் சாகிபு. ராமநாதபுரம் சீமையின் பனையூரில் பிறந்தவர். காட்டுப் பாதை, ஆற்றுத்துறை, எந்த ஊரில் எவரிடம் நெல் இருக்கும், எவர் எதிரிக்குத் துப்புச் சொல்வார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. நகரிலிருந்து ஏறக்குறைய இருபது கிலோமீட்டரில் காட்டுக்குள் இருந்த கிள்ளனூரில் சரக்கைச் சேர்ப்பார். சிறு சிறு பகுதியாக, இரவில், வழியை மாற்றி மாற்றிக் கொண்டுவருவார். லாரன்ஸ் அவரை மனந்திறந்து பாராட்டினார். 1754இல் கம்பெனிச் சிப்பாய்கள் அனைவருக்கும் அவரே தளபதியானார். எஸ்.சி. ஹில் 1914இல் எழுதிய வாழ்க்கை வரலாறு, அவர் உயர்வுக்கு இந்தப் பொதிமாட்டு வேலை எவ்வளவு காரணம் என்று காட்டுகிறது.

எதிரியும் அவர் மதிப்பை அறிந்திருந்தான். லாரன்ஸின் மொழிபெயர்ப்பாளராக இருந்த பொன்னியப்பன் மைசூர் முகாமோடு ரகசியமாகக் கடிதம் வைத்திருந்தார். யூசுப் கான் துரோகி என்று காட்டும் பொய்க் கடிதம் ஒன்று உருவாகி, ஆங்கிலேயர் கையில் அகப்படும்படி விடப்பட்டது. விசாரணையில் சூது வெளிப்பட்டு, பொன்னியப்பன் பீரங்கி வாயில் வைத்துச் சுடப்பட்டார். கோட்டையைத் தகர்ப்பதைவிடக் கான்வாய் நடத்துகிறவரை ஒழிப்பது எளிது, பலனும் பெரிது என்று ஒரு படைத்தலைமை முடிவு செய்தது இங்கே கவனிக்கத்தக்கது.

யூசுப் கானால் மட்டும் ஆகிவிடவில்லை. அவர் சேர்த்த சரக்கு தொண்டைமானின் நாட்டிலிருந்து வந்தது. விஜய ரகுநாத ராய தொண்டைமான் தம் காட்டை ஆங்கிலேயருக்குத் திறந்துவைத்தார். நஞ்சராஜருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் மூடிவைத்தார். அதற்குத் தண்டனையாக 1754இல் அவர்கள் புதுக்கோட்டை நாட்டுக்குள் புகுந்தபோது குடிமக்கள் ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு காட்டுக்குள் மறைந்தார்கள். காலி ஊர்களை எரித்ததைத் தவிரப் படைக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. தஞ்சாவூர் அப்படி உறுதியாக நிற்கவில்லை. யார் வெல்வார் என்று பார்த்துப் பார்த்து அரசவை ஊசலாடியது. மானோஜி பதவி இழந்த மாதங்களில் தஞ்சை நெல் திருச்சிக்கு வரவில்லை; அவர் திரும்பிய பிறகு வந்தது. சிறிய அரசின் நிலையான நட்பு, பெரிய அரசின் ஊசலாட்டத்தைவிட அதிக அரிசி தந்தது.

இதன் பலனைப் புதுக்கோட்டை இருநூறு ஆண்டு அனுபவித்தது. சுற்றியிருந்த பாளையங்கள் எல்லாம் கம்பெனி ஆட்சியில் கரைந்தபோது தொண்டைமான் சமஸ்தானம் மட்டும் தனியாக நின்று, 1948இல்தான் இந்திய ஒன்றியத்தில் சேர்ந்து திருச்சி மாவட்டத்தோடு இணைந்தது.

குடிமக்கள் கொடுத்த விலை

படைக்கு வந்த அரிசி யாரோ ஒருவருடைய அரிசிதான். திருச்சி நகரத்தில் விலை ஏறிய வேகத்தில் மக்கள் வெளியேறினார்கள். 1753இல் காவற்படையும் சிலரும் தவிர நகரமே வெறிச்சோடியதாக ஓர்ம் பதிந்திருக்கிறார். திருவரங்கத்திலும் திருவானைக்காவிலும் பிராகாரங்கள் பாசறைகளாயின. 1752 சரணடைவின்போது திருவரங்கம் கோயிலைக் காத்த ராஜபுத்திர வீரர்கள், உள் மதில்களுக்குள் அந்நியர் நுழைந்தால் உயிர் உள்ளவரை போரிடுவோம் என்று நின்றார்கள். ஏழு மதில் கொண்ட கோயில் எந்தப் படைக்கும் ஆயத்தமான கிடங்காகத் தெரிந்ததுதான் அதன் துன்பத்துக்குக் காரணம்.

மிகக் கொடிய செயல் கோவிலடியில் நடந்தது. 1754இல் அந்த ஊரைப் பிடித்த பிரெஞ்சுப் படை, காவிரி நீர் தாழ்வான கொள்ளிடத்துக்குள் ஓடாமல் தடுத்துவந்த கரையை வெட்டிவிட்டது. நோக்கம் தஞ்சாவூரைத் தண்ணீர் இல்லாமல் வாட்டுவது. எதிரிக்குப் போகும் நெல்லை மறிப்பதில் தொடங்கிய போர், நெல் விளையும் நிலத்தையே அழிப்பதில் வந்து நின்றது. தஞ்சை அரசர் ஆங்கிலேயர் பக்கம் திரும்பியதற்கு லாரன்ஸின் பேச்சு எவ்வளவு காரணமோ, அவ்வளவு இந்த வெட்டும் காரணமாக இருந்திருக்க வேண்டும்.

அக்டோபரில் போர் நிறுத்தம் வந்தது. டூப்ளே அதற்கு முன்பே திருப்பி அழைக்கப்பட்டிருந்தார். போர்ச் செலவு நவாபின் கணக்கில் கடனாக ஏறியது. அந்தக் கடனுக்கு ஈடாகக் கர்நாடகத்தின் வரி வருவாய் படிப்படியாகக் கம்பெனி கைக்கும் கடன் கொடுத்தவர் கைக்கும் போனது. ஆக, வழங்கலுக்கான இறுதி விலைச்சீட்டு உழவர்களிடம்தான் வந்து சேர்ந்தது.

பொதிமாட்டிலிருந்து துறைவரை

திருச்சி முகாமில் மைசூர்ப் படையோடு இருந்தவர்களில் ஒருவர் ஹைதர் அலி. சண்டையில் வென்றவர்கள் அரிசி இல்லாமல் தவித்ததை அவர் கண்ணால் பார்த்தார். பின்னாளில் அவர் ஆங்கிலேயரோடு போரிட்ட முறை இதை நினைவூட்டுகிறது: நேர்ச்சண்டையைத் தவிர்த்துக் குதிரைப்படையால் சரக்கு வழியை அறுப்பது, எதிரி வரும் நாட்டைத் தரிசாக்குவது. 1780இல் ஹெக்டர் மன்ரோ காஞ்சிபுரத்தில் இருந்த அரிசியையும் கனரகப் பீரங்கியையும் விட்டுவிட்டு நகரத் தயங்கிய நேரத்தில், பொள்ளிலூரில் பெய்லியின் படை அழிந்தது. 1781இல் அயர் கூட், கப்பலில் வரும் அரிசியை நம்பிக் கடற்கரையை ஒட்டியே படை நடத்த வேண்டியதாயிற்று. 1791இல் கார்ன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணத்து வாசல்வரை போய், மாடுகள் செத்து விழுந்ததால், முற்றுகைப் பீரங்கிகளைத் தாமே உடைத்துவிட்டுத் திரும்பினார். அடுத்த முறை லம்பாடி வணிகர்களின் பொதிமாடுகள் பெருங்கூட்டமாகத் தானியம் கொண்டுவந்ததால்தான் வெற்றி கிட்டியது. மைசூர் அரசு தனியாக வளர்த்த அமிர்த மகால் மாடுகளை 1799க்குப் பிறகு ஆங்கிலேயர் விடாமல் பற்றிக்கொண்டதன் அருமையும் இதனால் புரியும்.

ஒப்பந்தக்காரர், வணிகர், நட்பரசர் என்று சிதறிக் கிடந்த வேலை மெல்ல அரசுத் துறையாகியது. இந்திய ராணுவத்தின் வழங்கற்படை தன் பிறந்தநாளாக 1760 டிசம்பர் 8ஐக் கொண்டாடுகிறது. சென்னை, வங்காளம், பம்பாய் மாகாணங்களில் தனித்தனியாக இருந்த கமிசாரியட் துறைகள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒன்றாக்கப்பட்டன. 1923இல் இந்திய ஆர்மி சர்வீஸ் கோர். 1935இல் அதற்கு ராயல் அடைமொழி. 1950 முதல் ஆர்மி சர்வீஸ் கோர். உணவு, எரிபொருள், வண்டிகள், பொதி சுமக்கும் கோவேறு கழுதைகள் இதன் பொறுப்பு. ஆயுதமும் வெடிபொருளும் ஆர்ட்னன்ஸ் கோரின் பொறுப்பு; பழுதுபார்ப்பு 1943இல் தனியாகப் பிரிந்த இஎம்இ என்ற பொறியியல் கோரின் பொறுப்பு. லாஜிஸ்டிக்ஸ் பிரிகேட் என்பது இப்படிப் பிரிந்தவற்றைக் களத்தில் மறுபடியும் ஒரே தலைமையில் சேர்க்கும் முயற்சி. இந்தியாவில் முப்படைகளுக்கும் பொதுவான கூட்டு லாஜிஸ்டிக்ஸ் மையங்கள் 2021இல் போர்ட் பிளேர், குவாஹாத்தி, மும்பை ஆகிய இடங்களில் இயங்கத் தொடங்கியது இதே திசையில் வைத்த அடி.

திருச்சியின் இடமும் மாறியது. நாகப்பட்டினத்திலிருந்து ரயில் 1862இல் திருச்சியை எட்டியதும் பொதிமாட்டின் காலம் முடிந்தது. 1928இல் ரயில்வே பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்தது. படைகள் ரத்தம் சிந்திய அதே பாறை, இன்று அந்தப் பணிமனைக்கும் குடியிருப்புக்கும் பெயர். 1966இல் துப்பாக்கித் தொழிற்சாலை. 1980களில் பீரங்கிக் குண்டுக்கான கனரக உலோக ஊடுருவியைச் செய்யும் ஹெச்ஏபிபி ஆலை. 2021இல் ஆயுதத் தொழிற்சாலைகள் பொதுத்துறை நிறுவனங்களாக மாற்றப்பட்டபோது முதலாவது அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் நிறுவனத்திலும் இரண்டாவது முனிஷன்ஸ் இந்தியாவிலும் சேர்ந்தன. 2019இல் தமிழகப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் தொடங்கிவைக்கப்பட்டதும் திருச்சியில்தான். வெடிமருந்துக்காகக் கிழக்கே பார்த்துக் காத்திருந்த ஊர், இன்று படைக்குத் தளவாடம் அனுப்பும் ஊர்.

நான்கு விடைகளின் எடை

தொடக்கத்தில் வைத்த நான்கு விடைகளுக்குத் திரும்பலாம். கிளைவின் துணிச்சல் 1752க்குப் பொருந்தும். 1753, 1754க்கு விளக்கம் தராது, ஏனெனில் அப்போது அவர் திருச்சியில் இல்லை. லாவின் குறையும் அப்படியே. அவர் போன பிறகும் பிரெஞ்சுக்காரர் திருச்சியைப் பிடிக்க முடியவில்லை. கடலும் பணமும் ஆங்கிலேயரை நெடுநாள் தாங்கின. ஆனால் தேவிக்கோட்டையில் இறங்கிய வெடிமருந்து தஞ்சை நாட்டைக் கடந்தாக வேண்டும், பணம் கையில் இருந்தாலும் நெல் விற்க ஒருவர் முன்வர வேண்டும். ஆகவே நான்காவது விடையே கனமானது. ஆனால் நூல்கள் அதை அரசர்களின் நட்பு என்ற அளவில் நிறுத்திவிடுகின்றன. கிள்ளனூர்க் காட்டில் சரக்கு பாதுகாப்பாக இருந்ததற்குத் தொண்டைமானின் ஆணையோடு, அந்தக் காட்டு ஊர்களின் குடிகள் வாய் திறக்காமல் இருந்ததும் காரணம்.

மைசூரிடம் மாடு இல்லாமல் இல்லை. மராட்டியரிடம் குதிரை இல்லாமல் இல்லை. எதிரியின் சாலையை அறுப்பதில் அவர்களே கைதேர்ந்தவர்கள். ஆனால் அறுக்கத் தெரிந்தவர்கள், சுற்றியிருந்த ஊர்களைத் தம் பக்கம் வைத்துக்கொள்ளத் தெரியாதவர்களாக இருந்தார்கள். காவிரிக் கரையை வெட்டியவருக்குத் தஞ்சை உழவன் நெல் கொடுக்க மாட்டான். லாரி, ரயில், விமானம், கணினிக் கணக்கு என்று வழங்கல் பிரிவுகள் இன்று எவ்வளவு வளர்ந்தாலும், சாலை போகும் ஊர்கள் அந்தச் சாலையைத் தமதென்று நினைக்கின்றனவா என்ற கேள்விக்குக் கருவிகள் விடை தருவதில்லை.

நம் பாடநூல்களில் கர்நாடகப் போர் வரைபடம் ஆற்காட்டைப் பெரிய புள்ளியாகக் காட்டுகிறது. லால்குடி, கோவிலடி, கூத்தைப்பார், கிள்ளனூர் ஆகிய நான்கு பெயர்களையும் அதில் சேர்க்க வேண்டும். கிடங்கு பிடிபட்ட ஊர், கரை வெட்டுப்பட்ட ஊர், கான்வாய் அழிந்த ஊர், அரிசி கிளம்பிய ஊர். தென்னிந்தியாவின் அரசியல் திசையை மாற்றிய போரை இந்த நான்கு ஊர்களை வைத்தே மாணவருக்கு முழுதாகச் சொல்லிவிட முடியும். ஆற்காட்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.